உங்களுக்குத் தெரியுமா? பைக் பிரேக்கில் நிற்கும் காட்டுப்பாதை வண்டி!

கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஏறி இறங்கியவர்களுக்கு பிரேக்கின் அருமை தெரியும். அந்த பிரேக்கைக் கறாராகச் சோதிக்கும் மாணவர் போட்டி ஒன்றும் உண்டு.

கல்லூரி மாணவர்களே கட்டிய காட்டுப்பாதை வண்டிகள் மோதும் 'பாஹா எஸ்ஏஇ இந்தியா' போட்டி 2007-இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் தொடங்கியது. விதி இதுதான்: பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும், ஹைட்ராலிக் குழாய்கள் இரண்டு தனிச் சுற்றுகளாக ஓட வேண்டும். ஒன்று ஒழுகினாலும் மற்றது பிடிக்கும்.

செலவைக் குறைக்க, பைக்கின் டிஸ்க்கையும் காலிப்பரையும், மாருதி 800-இன் மாஸ்டர் சிலிண்டரையும் பொருத்தும் அணிகள் உண்டு. கெட்டிக்காரச் சிக்கனம்தான்! ஆனால் டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலுக்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். குழாயில் காற்று மிஞ்சினால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், பிடிமானம் இருக்காது.

காற்றை முழுதாக வெளியேற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.