குட்டி நாயை வண்டிக்குப் பின்னால் ஓட்டாதீர்கள்!

செங்கம், தண்டராம்பட்டு பக்கம் ஆட்டுப்பட்டிக் காவலுக்கும், மணிலாக் கொல்லையில் காட்டுப்பன்றியை விரட்டவும் சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டிகளை வாங்கி வளர்ப்பவர்கள் உண்டு. வாங்கிய கையோடு சிலர் செய்வது, நான்கைந்து மாதக் குட்டியைச் சங்கிலியில் பிடித்தபடி மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டுவது. கால் வலுவாகும் என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு.

குட்டியின் கால் எலும்பு அதன் முனையில் உள்ள குருத்தெலும்பில்தான் நீளமாக வளர்கிறது. உயரமான இனங்களில் இது கெட்டிப்பட ஒரு வயதாகும். சிலவற்றுக்கு ஒன்றரை வயதும் ஆகலாம். அதற்குள் தார்ச்சாலையில் ஓட்டினாலும், சுவர் ஏறிக் குதிக்க வைத்தாலும் அந்த இடத்தில் அடிபடும். கால் கோணலாகலாம், மூட்டு தேயலாம். நன்றாக ஓட வேண்டிய வயதில் நாய் நொண்டிக்கொண்டு நிற்கும்.

லண்டனில் 1978-ல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் தடை தாண்டும் போட்டி ஒன்றை வேடிக்கைக்காக நடத்தினார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'அஜிலிட்டி' விளையாட்டு. பிரிட்டனில் 18 மாதம் நிரம்பாத நாயை அந்தப் போட்டியில் இறக்க முடியாது. விளையாட்டுக்கே அவ்வளவு பொறுமை காட்டுகிறார்கள். கல்லும் முள்வேலியும் தாண்டும் நம் நாய்க்கு அது இன்னும் அவசியம்.

நம் இனங்களுக்கு ஓட்டம் பிறவியிலேயே இருக்கிறது. சிப்பிப்பாறையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், வில்லாக வளைந்து நிமிரும் முதுகு. முழுப் பாய்ச்சலில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். கோம்பை அப்படியல்ல; கட்டுமஸ்தானது, காவலுக்கு ஏற்றது. (நாயை விட்டு முயல் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஆசை வேண்டாம்.)

குட்டி வாங்கும்போது இனப்பெயரை மட்டும் நம்பாமல் நடக்கவிட்டுப் பாருங்கள். முன்னங்கால்கள் நேராக இருக்க வேண்டும், முழங்கை வெளியே பிதுங்கக் கூடாது, பாதவிரல்கள் விரியாமல் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளை ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று கை தட்டுங்கள். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

நாய் நிற்கும்போது உடல் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்னங்கால்களில்தான் இருக்கும். குதித்து இறங்கும்போது மொத்தமும் அங்கேயே விழும். அதனால் சோறு மட்டும் போட்டுக் கொழுக்க வைப்பதும் ஆபத்து. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறைக்குக் கடைசி விலாக்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் தவறில்லை. 'பட்டினி போடுகிறாயா' என்று அக்கம்பக்கத்தார் கேட்டால் கேட்கட்டும்.

ஒரு வயது வரை உழுத மண்ணில் தன் இஷ்டத்துக்கு ஓடி விளையாடினாலே போதும். பிறகு தினமும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டலாம். திருவண்ணாமலை வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், பொழுது ஏறுவதற்கு முன்பே ஓட்டத்தை முடித்துவிடுங்கள். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஓடிய நாய் தள்ளாடினாலோ, ஈறு கருஞ்சிவப்பாக மாறினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் புகட்ட வேண்டாம், புரையேறும். எழுந்து நின்றுவிட்டாலும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.