பைலாவும் பழம்பாட்டும்



பழைய பாட்டொன்றின் தாளத்தை விரைவுபடுத்தி, மின்னிசை முழக்கமும் சேர்த்து, ஆடுதற்கு ஏற்றதாக ஆக்குவதை இன்று ‘றீமிக்ஸ்’ என்பர். எமது புத்தளக் கரையோரத்துத் திருமண வீடுகளிலும் இவ்வோசை கேட்கின்றது. இளைஞர் இதனைப் புதுமை என்பர். முதியோர் கேடு என்பர். இரு சாராரும் ‘பைலா’ என்னும் சொல்லைச் சற்று நோக்குதல் நன்று.

‘பைலார்’ என்பதற்கு ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகிய இரு மொழிகளிலும் ஆடுதல் என்பதே பொருள். இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆதிக்கம் 1658இல் முடிவுற்றது. அவர் வழிவந்த கலப்புமொழியும் கபிறிஞ்ஞா இசையும் எஞ்சின. அவ்விசையைக் கொண்டே 1940களில் வொலி பஸ்தியன் சிங்களப் பைலாவை உருவாக்கினார். ஆகவே பைலா தானும் ஒரு றீமிக்ஸே.

மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் நாட்டுப்பாடலாகிய ‘லா பம்பா’வின் வரலாறும் இத்தகையதே. 1958இல் ரிச்சி வாலன்ஸ் என்னும் இளைஞர் அதனை றொக் இசையாக்கினார். ஸ்பானிய மொழியிற் சரளமில்லாத அவர், சொற்களை ஓசையாகவே பயின்று பாடினார். 1987இல் லொஸ் லோபொஸ் குழுவினர் மீண்டும் பாட, அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. இன்றைய நடன அரங்குகளிலும் அப்பாட்டு ஓயவில்லை.

பொருளறியாது பாடுவோர் எம் அயலிலும் உளர். புத்தளத்துக்கு அணித்தான சிராம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். இவர்தம் முன்னோருட் பலர், 1873இற் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையிற் பணியாற்றியவர்கள். இவர்கள் பாடுவது ‘மாஞ்சா’. றபான், சிரட்டை, போத்தல், கரண்டி ஆகியவை போதும். வேறு வாத்தியம் வேண்டா. பாட்டு மெல்லத் தொடங்கும், வரவர விரையும், ஈற்றில், திண்ணையில் இருந்தவரும் எழுந்து ஆடுவர். மின்கருவி செய்யும் வேலையை இவர்கள் கையாலேயே செய்துவிடுகின்றனர்!

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்பானியம் பல கோடி மக்களின் தாய்மொழி. ‘லா பம்பா’வின் சொற்கள் முழக்கத்தில் அமிழ்ந்தாலும் அம்மொழிக்குக் குறைவில்லை. சிராம்பியடியிலோ இன்று பேசப்படுவது சிங்களம். முன்னோரின் போர்த்துக்கேயக் கலப்புமொழிக்குப் பாட்டை விட்டால் அங்கு வேறு இருப்பிடம் அரிது. மாஞ்சாவை நடனத்துக்கென மாற்றுவோர் முதலில் வெட்டக்கூடியது அந்த மெதுவான தொடக்கத்தையே. சொற்கள் தெளிவாகச் செவியில் விழுவதும் அங்கேதான்.

தாளத்தை விரும்பியவாறு மாற்றட்டும். அதிலே எமக்கு வழக்கில்லை. கைத்தொலைபேசியுடன் சிராம்பியடிக்குச் செல்லும் மாணவர், ஆட்டம் சூடேறும் வரை காத்திராமல், முதியவர் ஒருவர் தனித்துப் பாடும் முதலடிகளையே முன்னர்ப் பதிவு செய்துகொள்வாராக.