விதைநெல்லும் விற்பனை நெல்லும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

அறுவடை முடிந்ததும் களத்தில் கிடக்கும் நெல்லை இரண்டாகப் பிரிப்பது காவிரிக்கரை உழவரின் வழக்கம். ஒரு பங்கு விலைக்குப் போகும். மற்றொரு பங்கு விதைக்கோட்டையில் அடுத்த பட்டத்துக்காகக் காத்திருக்கும். கையில் காசில்லாத நாளிலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பார்கள் பெரியோர். இந்த எளிய பாடத்தை நான் வயலில் கற்கவில்லை. ஒரு விளையாட்டில் தோற்றுக் கற்றேன். அந்த விளையாட்டையும் அதற்குள் இருக்கும் கணக்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டு எது?

இணையத்தில் ‘ஹாட்ரிக்’ என்றொரு கால்பந்து நிர்வாக விளையாட்டு உண்டு. 1997இல் சுவீடன் நாட்டில் தோன்றியது. இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு சங்கத்தின் நிர்வாகியாக இருந்து, யார் ஆட வேண்டும், எவ்வகைப் பயிற்சி தர வேண்டும், யாரை வாங்க வேண்டும், யாரை விற்க வேண்டும் என்று முடிவு செய்கிறோம். எதிரணியை நடத்துபவரும் எங்கோ ஓர் ஊரில் நம்மைப் போல் உட்கார்ந்திருக்கும் மனிதரே. ஒரு பருவம் 16 வாரங்கள் கொண்டது. அந்தப் பருவத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு வயது கூடிவிடும். நாம் பட்டப்படிப்பை முடிப்பதற்குள் அங்கே ஒருவன் இளைஞனாக வந்து, வளர்ந்தும் விடுவான்.

இதில் பணம் வரும் வழிகள் சில: நுழைவுச் சீட்டு, விளம்பரதாரர், ஆட்டக்காரர் விற்பனை. முதல் இரண்டும் மெல்ல வளர்பவை. மூன்றாவது ஒரே நாளில் கைநிறையத் தரும். ஆசை பிறப்பதும் ஆபத்து பிறப்பதும் அங்கேதான்.

பயிற்சி நாற்காலிகள்

பயிற்சியின் விதியைப் புரிந்துகொண்டால் பாதி விளையாட்டைப் புரிந்துகொண்டதாகும். கோல் காத்தல், தடுத்தல், ஆட்டம் அமைத்தல், ஓர ஆட்டம், பந்து வழங்கல், கோல் அடித்தல், நிலைப்பந்து என்று திறன்கள் ஏழு. ஒரு வாரத்துக்கு ஒரு திறனுக்கு மட்டுமே பயிற்சி தர முடியும். அந்த வாரம் உரிய இடத்தில் நின்று ஆட்டம் ஆடியவனுக்கே அதன் முழுப்பயன் சேரும். ஓரத்தில் பெஞ்சில் இருந்தவனுக்கு ஒன்றும் சேராது.

எடுத்துக்காட்டாக, ‘ஆட்டம் அமைத்தல்’ பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நடுக்களத்தின் உட்பகுதியில் ஆடும் மூவருக்கு முழுப்பயன் கிடைக்கும்; இரு ஓரங்களில் ஆடுபவர்க்குப் பாதிப்பயன். வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள்: ஒன்று லீக் ஆட்டம், மற்றொன்று நட்பு ஆட்டம் அல்லது கோப்பை ஆட்டம். ஆகவே வாரத்துக்கு ஆறு பேர் முழுப்பயன் பெறலாம். இந்த ஆறு இடங்களை நான் ‘பயிற்சி நாற்காலிகள்’ என்று அழைப்பது வழக்கம். கையில் எத்தனை கோடி இருந்தாலும் ஏழாவது நாற்காலியை வாங்க முடியாது. இவ்விளையாட்டில் அருமையான பொருள் பணமன்று, நாற்காலியே.

இன்னும் இரண்டு விதிகள் உள. வயது கூடக் கூடப் பயிற்சியின் வேகம் குறையும். பதினேழு வயதுப் பையன் சில வாரங்களில் ஏறும் படியை ஏற இருபத்தைந்து வயதுக்காரனுக்கு அதைவிட நெடுநாள் ஆகும். அத்துடன் திறன் ஏற ஏற வாரச் சம்பளமும் ஏறும். முப்பதைத் தாண்டியவர்களுக்கோ திறன் இறங்கத் தொடங்கிவிடும்.

நான் செய்த பிழை

முதலாம் ஆண்டு விடுமுறையில் என் அணி ஒரு பிரிவு மேலேறியது. என்னிடம் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஐந்து நடுக்கள இளைஞர்கள் இருந்தார்கள். நல்ல விலை கேட்கிறார்களே என்று ஐவரையும் ஒரே வாரத்தில் ஏலத்துக்கு விட்டேன். வந்த பணத்தில் முப்பத்தொரு வயது நட்சத்திரங்கள் இருவரை வாங்கினேன். முதல் நான்கு ஆட்டங்களிலும் வெற்றி. நண்பர்களிடம் மார்தட்டிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கோணலாயிற்று. பயிற்சி வாரந்தோறும் நடந்தது. ஆனால் நாற்காலியில் இருந்தவர்கள் இனி வளரப் போகிறவர்கள் அல்லர். சம்பளம் இருப்பைத் தின்றது. பருவம் முடிந்து அவ்விருவருக்கும் முப்பத்திரண்டு வயதானபோது, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட அவர்களைக் கேட்பாரில்லை. அடுத்த பருவத்தில் அணி பழைய பிரிவுக்கே இறங்கிற்று. நான் விற்றது ஐந்து ஆட்டக்காரரை அன்று. இரண்டு ஆண்டுகளின் விதையை.

எப்போது விற்பது?

அப்படியானால் இளைஞரை விற்கவே கூடாதா? அதுவும் பிழை. இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

பதினேழு வயது இளைஞன் ஒருவனின் சந்தை விலை பயிற்சியால் வாரத்துக்கு 15,000 உயர்கிறது என்க. அவன் சம்பளம் 2,000. நிகரப் பயன் 13,000. அவனே இருபது வயதாகும்போது வார உயர்வு 10,000 ஆகக் குறைகிறது. சம்பளமோ 7,000 ஆகிவிட்டது. நிகரப் பயன் 3,000. இப்போதும் அவனால் இலாபமே என்று தோன்றும். ஆனால் அதே நாற்காலியில் புதிய பதினேழு வயதுப் பையன் உட்கார்ந்தால் 13,000 கிடைக்குமே! ஆகவே மூத்தவனைப் பயிற்சியில் நீட்டிப்பதால் வாரத்துக்கு 10,000 இழக்கிறோம். ஒரு பருவத்தின் 16 வாரங்களில் இது 1,60,000 ஆகும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஆட்டக்காரன் இலாபம் தருகிறானா என்று கேட்பது போதாது. அவன் அமர்ந்திருக்கும் நாற்காலியில் வேறொருவன் அமர்ந்தால் இன்னும் அதிகம் தருவானா என்று கேட்க வேண்டும். பொருளாதாரத் துறைப் பேராசிரியர்கள் ‘வாய்ப்புச் செலவு’ என்று வகுப்பில் சொல்வது இதைத்தான்.

ஆனால் கணக்கு இத்துடன் முடிவதில்லை. சிறுவர்களை மட்டுமே இறக்கினால் ஆட்டம் தோற்கும். தோற்றால் ரசிகர் குறைவர், சீட்டு வருமானம் குறையும். ஆகவே விற்கும் வயது வந்த நால்வரில் ஒருவனையாவது அணியின் முதுகெலும்பாக நிறுத்திக்கொள்வது நலம். வார நடுவில் வரும் நட்பு ஆட்டத்தில் சிறுவர்களை ஆடவிட்டால் லீக் நிலைக்கும் ஊறு வராது.

வரிசை கலையாமல்

என் பிழையின் வேர் விற்றதில் இல்லை. ஒரே நேரத்தில் விற்றதில் இருந்தது. ஆறு நாற்காலிகளில் ஆறு பேரும் ஒரே வயதாக இருந்தால், அவர்கள் ஒரே நாளில் முற்றுவார்கள், ஒரே நாளில் வெளியேறுவார்கள். பின்பு களம் வெறிச்சோடிக் கிடக்கும். மாறாகப் பதினேழில் இருவர், பதினெட்டில் இருவர், பத்தொன்பதில் இருவர் என்று வரிசைப்படுத்தினால் பருவத்துக்கு இருவர் வெளியேற, இருவர் உள்ளே வருவர். வாழைத் தோட்டத்தில் தாய்மரம் குலை தள்ளும்போதே பக்கக் கன்று எழும்பி நிற்பதைப் போன்றது இது.

இப்போது நான் மூன்று கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, மாற்று ஆள் நாற்காலியில் அமர்ந்த பின்பே பழையவனை ஏலத்துக்கு விடுவது. இரண்டு, விற்ற பணத்தில் முதலில் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர், இளைஞர் பள்ளி ஆகிய செலவுகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் பெரிய பெயர்களைத் தேடுவது. மூன்று, ஏலம் விடும் நேரத்தைப் பார்ப்பது. பட்டியலில் இட்டதிலிருந்து ஏலம் மூன்று நாள் நடக்கும். இட்ட அதே மணிக்கு முடியும். ஐரோப்பாவில் மாலை நேரமாக இருக்கும்போது கேட்போர் மிகுதி. ஆகவே நம் ஊரில் இரவு பதினொன்றரை மணிக்குக் கண்விழித்துப் பட்டியலிடுவதில் பயன் உண்டு.

மெய்யான மைதானத்தில்

இது வெறும் கணினிக் கணக்கன்று. நெதர்லாந்தின் அயாக்ஸ் சங்கத்தைப் பாருங்கள். அதன் இளைஞர் பயிற்சிக் களத்துக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருளே ‘எதிர்காலம்’ என்பது. 1995 மே மாதம் வியன்னா நகரில் அது மிலான் அணியை 1–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. கோல் அடித்த பாட்ரிக் க்ளைவர்ட்டுக்கு வயது 18. அவ்வாண்டு டிசம்பரில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றி வேறு சங்கம் செல்லலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ‘போஸ்மன்’ வழக்கில் தீர்ப்பளித்தது. 1996இல் டேவிட்ஸும் 1997இல் க்ளைவர்ட்டும் அவ்வாறே மிலானுக்குச் சென்றனர். வளர்த்த வீட்டுக்கு விலை ஏதும் கிடைக்கவில்லை. உரிய காலத்தில் விற்காததால் வந்த இழப்பு இது.

அதே சங்கம் 2019இல் இளைஞர்களைக் கொண்டே ஐரோப்பிய அரையிறுதி வரை வந்தது. அவ்வாண்டு டி யாங், டி லிக்ட் இருவரையும் தலைக்கு 7.5 கோடி யூரோ என்ற விலைக்கு விற்றது. ஆயினும் 2022, 2023 ஆகிய இரு கோடைகளில் அணியின் தூண்களை அடுத்தடுத்து விற்றபோது வரிசை கலைந்தது. 2023 அக்டோபர் இறுதியில் அயாக்ஸ் தன் நாட்டு லீக் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது! உரிய காலத்தில் விற்காத பிழையும் ஒருசேர விற்ற பிழையும் ஒரே சங்கத்தின் வரலாற்றில் உள்ளன.

நம் மாநிலத்துக்கு வருவோம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெரும் பணம் படைத்த அணியன்று அது. ஆனால் பட்டம் வென்ற அவ்வாண்டிலேயே எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கும், இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த கௌரவ் போரா ஒடிசாவுக்கும் சென்றுவிட்டனர். கோல் மன்னன் பெத்ரோ மன்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார். 2021–22 ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் போனவர்களின் இடத்தில் அதே வேகத்தில் புதியவர்கள் எழவில்லை என்பது வெளிப்படை.

வளர்த்தவருக்கு உரிய பங்கு

வளர்ப்பவன் ஒருவன், பயன் கொள்பவன் ஒருவன் என்ற குறையை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ஓரளவு நீக்கியுள்ளது. 2001 முதல் உள்ள விதிப்படி, ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைக்கு மாறும்போது அவ்விலையில் 5 விழுக்காடு அவரைப் பயிற்றிய சங்கங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். 12 முதல் 15 வரையிலான ஒவ்வோர் வயதுக்கும் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 விழுக்காடு. விலை 10 கோடி என்றால், பதினாறு, பதினேழு வயதில் இரண்டாண்டு பயிற்றிய சிறு சங்கத்துக்கு 10 லட்சம் சேரும். ஹாட்ரிக்கிலும் ஒருவனின் தாய்ச் சங்கத்துக்கு அவன் பின்னர் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் 2 விழுக்காடு கிடைக்கிறது.

முடிவாக ஒன்று

என் தந்தை துவாக்குடியில் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். பாய்லர் பிளாண்ட்டை நம்பி எழுந்த பட்டறைகளில் அதுவும் ஒன்று. அங்கே ஹெல்பராக நுழையும் பையன் கிரைண்டிங் பிடித்து, டாக் வைத்துப் பழகி, 6ஜி பைப் தேர்வில் தேறியதும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவான். பட்டறைக்கு எந்த விழுக்காடும் வராது. என் விளையாட்டுத் தோல்வியை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டுச் சொன்னார்: “போறவனப் புடிச்சு வைக்க முடியாது தம்பி. வைக்கவும் கூடாது, அவனுக்கும் குடும்பம் இருக்கு. அவன் போறதுக்கு முன்னாடியே அடுத்தவன் கையில ஹோல்டரக் குடுத்துடணும். அதுதான் பட்டறைக்காரன் வேலை.”

நான் பல வாரம் கணக்குப் போட்டுக் கண்டதை அவர் நான்கு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

யோசித்தால் நம் கல்லூரியும் அத்தகைய பட்டறையே. ஆண்டுதோறும் ஒரு வரிசை வெளியேறுகிறது. ஒரு வரிசை உள்ளே வருகிறது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு அரசு தந்த இந்த நாற்காலியில் அடுத்த ஆண்டு வேறொருவன் அமர்வான். எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் இருவருக்கு ஞாயிறுதோறும் கணிதம் சொல்லித் தரத் தொடங்கியுள்ளேன். என் 2 விழுக்காட்டை இப்போதே செலுத்திவிடுவது என்பது எண்ணம். விலை போவதில் தவறில்லை, நண்பர்களே! போகும் முன் விதைக்கோட்டை நிறைந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.