பொட்டிபுரம் நியூட்ரினோ உணரியின் முன்பெருக்கிகள்: இரைச்சல், வேகம், மின்திறன்

ஆப்-ஆம்ப் எனப்படும் செயல்பாட்டுப் பெருக்கியை வைத்துச் சுற்று அமைப்பவர் எவரும் மூன்று தேவைகளுக்கு இடையே சிக்குகிறார். இரைச்சல் குறைய வேண்டும், வேகம் கூட வேண்டும், மின்திறன் நுகர்வு குறைய வேண்டும். மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில், தேனி மாவட்டம் பொட்டிபுரம் அருகே மலைக்குள் அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் உணரிதான் அது. தேனிப் பக்கம் நியூட்ரினோ என்றால் சுரங்கமும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். அதன் மின்னணுவியலைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

திட்டத்தின்படி உணரி 50,000 டன் எடையுள்ள, காந்தமேற்றிய இரும்பு அடுக்கு. இரும்புத் தகடுகளின் இடைவெளிகளில் ஏறக்குறைய 28,800 கண்ணாடி உணரிகள் செருகப்படும். இவை ஆர்பிசி எனப்படும். ஒவ்வொன்றும் சுமார் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். நியூட்ரினோ இரும்பில் மோதும்போது பிறக்கும் மியூவான், கண்ணாடித் தகடுகளுக்கு இடையிலுள்ள வாயுவைக் கடக்கையில் மிகச் சிறிய மின்துடிப்பு எழும். அதன் உயரம் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட். எழுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 1 நானோவினாடி. மியூவான் மேலிருந்து வந்ததா, பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்ததா என்பதை அடுக்குகளில் துடிப்பு எழுந்த நேர வரிசையே சொல்லும். ஒளியே 1 நானோவினாடியில் 30 சென்டிமீட்டர்தான் செல்லும் என்பதை நினைத்துப் பார்த்தால், நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

மாணவர்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் 741 இங்கே ஏன் உதவாது? அதன் பெருக்கத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கினால் வருவது சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். எழுநேரம் 1 நானோவினாடி வேண்டுமானால், 0.35ஐ எழுநேரத்தால் வகுக்கும் வாய்பாட்டின்படி, 350 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் தேவை. அதனுடன் 80 மடங்கு பெருக்கமும் வேண்டுமென்றால் பெருக்கற்பலன் 28,000 மெகாஹெர்ட்ஸ் ஆகிறது. எனவேதான் பெருக்கத்தை இரண்டு மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். கண்டிப்பாகச் சொன்னால் இத்தகைய முன்பெருக்கி பாடநூல் ஆப்-ஆம்ப் அன்று; ஆனால் மூன்று தேவைகளின் இழுபறி இரண்டிலும் ஒன்றே.

இப்போது இரைச்சலைக் கணக்கிடலாம். உள்ளீட்டு இரைச்சல், ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 3 நானோவோல்ட் என்று கொள்வோம். 350 மெகாஹெர்ட்ஸின் வர்க்கமூலம் ஏறக்குறைய 18,700. இரண்டையும் பெருக்கினால் 56 மைக்ரோவோல்ட். துடிப்பு நானோவினாடிக்கு 1 மில்லிவோல்ட் என்ற சரிவில் ஏறுவதால், இந்த இரைச்சல் நேரத்தில் 56 பிக்கோவினாடி நடுக்கத்தை உண்டாக்கும்.

பட்டை அகலத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் இரைச்சல் பாதியாகும். ஆனால் எழுநேரம் நான்கு மடங்காகி, சரிவு கால் பங்காகிவிடும். நடுக்கம் குறைவதற்குப் பதிலாக 112 பிக்கோவினாடியாக இரட்டிக்கிறது. இரைச்சலை வடிகட்டினால் எல்லாம் சரியாகும் என்று எண்ணும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எதிர்த்திசையில் போவதும் பயனற்றது. பட்டை அகலத்தை நான்கு மடங்காக்கினால் இரைச்சல் இரட்டிக்கும்; துடிப்பின் சரிவோ, துடிப்பே 1 நானோவினாடியில்தான் எழுவதால், பெரிதாகக் கூடாது.

வேகத்தைக் குறைக்காமல் இரைச்சலைக் குறைக்க வழி உண்டு. முதல் டிரான்சிஸ்டரில் கூடுதல் மின்னோட்டம் பாய்ச்ச வேண்டும். விலை அங்கேதான். டிரான்சிஸ்டரின் வெப்ப இரைச்சல் மின்னழுத்தம் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். இரைச்சல் பாதியாக, மின்னோட்டம் நான்கு மடங்காக வேண்டும். இருமுனை டிரான்சிஸ்டரில் அடிவாய் மின்னோட்ட இரைச்சலும் உடன் ஏறும் என்பதால், ஓர் எல்லைக்குப் பின் அந்த வழியும் அடைபடும்.

ஒரு பெருக்கிக்கு நான்கு மடங்கு என்றால் யாரும் கவலைப்படமாட்டார்கள். இங்கே ஓர் ஆர்பிசிக்கு 128 தடங்கள். மொத்தம் ஏறக்குறைய 36.9 லட்சம். ஐரோப்பிய செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனைக்காக உருவாக்கப்பட்ட நினோ சில்லு ஒரு தடத்துக்கு 27 மில்லிவாட் எடுக்கிறது. 741 சும்மா இருக்கும்போதே சுமார் 50 மில்லிவாட் எடுக்கும் என்பதை ஒப்பிட்டால் இது சாதனைதான். ஆயினும் 36.9 லட்சத்தால் பெருக்கினால் 100 கிலோவாட் ஆகிறது. நான்கு மடங்கென்றால் 400 கிலோவாட். காற்று வெளியிலிருந்து செலுத்தப்பட வேண்டிய மலைக்குகையில் இவ்வளவும் வெப்பமாகும். வெப்பம் ஏறினால் ஆர்பிசியின் சொந்த இரைச்சலும் ஏறும். பெருக்கியில் மிச்சம் பிடித்த இரைச்சல் உணரி வழியாகத் திரும்பி வரும்!

ஆலிஸின் தேவை வேறு. அங்கே தடங்கள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். நேரம் 100 பிக்கோவினாடிக்கும் நுட்பமாக வேண்டும். தேனிக்கான ஆர்பிசியின் சொந்த நேரத் துல்லியமே சுமார் 1 நானோவினாடி. அதற்கு முன் 56 பிக்கோவினாடியோ 112 பிக்கோவினாடியோ பெரிய வேறுபாடில்லை. ஆகவே இங்கே விட்டுக்கொடுக்கத்தக்கது நடுக்கம். காக்கப்பட வேண்டியது மின்திறன். பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே பணிக்காக 0.35 மைக்ரான் சீமாஸ் நுட்பத்தில் அனுஸ்பர்ஷ் என்ற சில்லை வடிவமைத்தது.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தும் ஆய்வகம் எழவில்லை. நீர், காடு, புலிகளின் வழித்தடம் பற்றிய கவலைகள் வழக்குகளாயின. 2022இல் தமிழ்நாடு அரசு திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி உணரி 2018 முதல் இயங்குகிறது. தரைமட்டத்தில் இருப்பதால் அதில் காஸ்மிக் மியூவான்கள் ஓயாமல் பொழிகின்றன. நியூட்ரினோவைத் தேட அது இடையூறு. பெருக்கிகளைச் சோதிக்க அதுவே வசதி.