ஆலை மின்சாரத்தில் விளக்குகளுக்குத் தனி வழி

சொந்த ஜெனரேட்டர் வைத்து நடத்தப்பெறும் நூற்பாலைகளுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் நிர்வாகக் குழுவினர் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. மும்முனை மின்சாரம் கைவசம் இருக்க, விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் எதற்கு? நியூட்ரலிலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொண்டால் ஆகாதா? தெருவிலுள்ள மின்வாரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் பெறும் தறிக்கூடங்களில் அவ்வாறுதான் செய்கிறோம். அங்கே நியூட்ரல் நேராகவே பூமியுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. நியூட்ரலுக்கும் பூமிக்கும் நடுவே மின்தடை வைத்த ஏற்பாட்டில் அது கூடாது. செலவுக்கு ஒப்புதல் அளிப்போர் அங்கத்தினர்களே ஆகையால், காரணத்தை அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

மின்தடை எதற்காக வைக்கப்படுகிறது? ஒரு பேஸ் கம்பியின் காப்பு தேய்ந்து மோட்டாரின் உடலில் பட்டால், நேராக எர்த் செய்த ஏற்பாட்டில் மின்னோட்டம் பெருகிப் பியூஸ் போய்விடும், யந்திரமும் நிற்கும். நூற்பு யந்திரம் சட்டென்று நின்றால் அறுபடும் இழை எவ்வளவு என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நடுவே 46 ஓம் மின்தடை இருப்பின், 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல் அதன் வழியே ஓடாது. அபாய மணி ஒலிக்கும், ஆலை ஓடிக்கொண்டேயிருக்கும், வயர்மேன் பழுதைத் தேடிக் களைவார்.

இனி, அந்த நேரத்தில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். பழுதான பேஸ் பூமியோடு ஒன்றிவிடுவதால், நியூட்ரல் பூமியைவிட 230 வோல்ட் விலகி நிற்கிறது. மற்ற இரு பேஸ்களும் 400 வோல்ட்டுக்கு ஏறிவிடுகின்றன. ஆனால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எப்போதும்போல் 230 வோல்ட்தான். விளக்கு மங்குவதுமில்லை, மிகுந்து எரிவதுமில்லை. ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது. விளக்கை மாற்ற ஏணியில் ஏறுபவர் ஸ்விட்சை அணைத்துவிட்டே ஏறுகிறார். ஸ்விட்ச் துண்டித்தது பேஸ் கம்பியை மட்டுமே. நியூட்ரல் கம்பியில் கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

மற்றோர் அபாயம் சத்தமின்றி வருவது. கூடம் முழுதும் இழுத்த நியூட்ரல் கம்பி எங்கேனும் ஓரிடத்தில் இரும்புத் தூணில் உரசிப் பூமியைத் தொட்டால், மின்தடை இருந்தும் இல்லாததாகிவிடும். மணி ஒலிக்காது. பிறகு ஒரு பேஸ் பழுதாகும் நாளில், 5 ஆம்பியர் என்று நம்பியிருந்த இடத்தில் முழு வேகத்தில் மின்னோட்டம் பாயும். அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு 480 முதல் 1,000 வோல்ட் வரை இவ்வித ஏற்பாட்டை அனுமதிக்கும்போதே, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எச்சாதனமும் இருத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதிக்கிறது.

பரிகாரம் எளிது. இரண்டு பேஸ்களுக்கிடையே 400 வோல்ட்டில் இணைத்து 230 வோல்ட் தரும், இரு சுருள்களும் தனித்தனியான டிரான்ஸ்பார்மர் ஒன்று போதும். வெளிவரும் பக்கத்தின் ஒரு முனையை நேராக எர்த்துடன் பிணைத்துவிட்டால் அதுவே விளக்குகளுக்குரிய நியூட்ரல். அப்பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியையும், உள்வரும் பக்கத்தில் இரு கம்பிகளையும் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்சையும் பொருத்த வேண்டும். 20 வாட் குழல் விளக்கு 40, 75 வாட் விசிறி 10 ஆகியவற்றுக்கு 1,550 வாட். 3 கிலோவோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் தாராளமாகத் தாங்கும். விலை குறைவென்று ஆட்டோ டிரான்ஸ்பார்மரை ஒப்பந்தக்காரர் சிபாரிசு செய்தால் ஏற்க வேண்டாம். அதில் இரு பக்கமும் ஒரே சுருளைப் பகிர்வதால் பிரிவினை என்பதே இல்லை.

ஒரு சங்கத்தில் அபாய மணியின் கம்பியைக் கழற்றிச் சுற்றி வைத்திருந்ததைக் கண்டோம். கணக்கெழுத இடைஞ்சலாக இருந்ததாம்! முதற்பழுதை நீக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கையில் வேறொரு பேஸும் பூமியைத் தொட்டால், இரு பேஸ்களும் நேருக்கு நேர் மோதியதற்கு ஒப்பாகும். மின்தடை அங்கே குறுக்கே நிற்காது. மணி மீண்டும் இணைக்கப்பட்டதைப் பார்த்த பின்னரே அன்றைய ஆய்வுக் குறிப்பில் கையொப்பமிட்டோம்.