பொருளாதார வளர்ச்சியும் பொறியியலாளர் தேவையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தம் மக்களைப் பொறியியலாளராகக் காண விரும்பும் பெற்றோர் பலர். கற்று வெளியேறுவோருக்கு வேலை எங்கிருந்து வருகின்றது என்று வினவுவோரோ சிலர். பட்டம் தானாக வேலையைப் படைப்பதில்லை. அணையும் ஆலையும் துறைமுகமும் எழும்பொழுதே பொறியியலாளர் தேவைப்படுகின்றனர். அவை எழுவதற்கு முதலீடு வேண்டும்.

இலங்கையின் வரலாறே இதற்குச் சான்று. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறும் வழியைப் பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எடுத்துரைத்தார். ஆயினும், லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950 ஆம் ஆண்டிலேதான். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கொழும்பில் ஆரம்பமாயிற்று. அறிவு முன்னரே இருந்தது; அதனைப் பயன்படுத்தும் காலம் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது.

தேவையும் பயிற்சியும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பொறியியலாளர் ஒருவரை உருவாக்கப் பல்கலைக்கழகத்தில் மட்டும் நான்கு ஆண்டுகள் செல்லும். 1970களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தொழில்கள் தளர்வுற்றபோது, கற்றோர் பலர் கடல் கடந்தனர். 1977க்குப் பின்னரோ, முப்பது ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட மகாவலித் திட்டத்தை ஆறே ஆண்டுகளில் முடிக்க அரசு முனைந்தது. திறமையாளர் நாட்டை விட்டுச் சென்றபின் தேவை திடீரெனப் பெருகிற்று. கடனும் உதவியும் தந்த நாடுகளின் நிபுணரும் அணைகளைக் கட்ட வந்தனர்.

தொழினுட்பம் தேவையின் அளவையன்றி அதன் வகையையும் மாற்றுகின்றது. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தில் ஒருகாலத்தில் நாட்டாமிகள் மூட்டை சுமந்தனர். 1980களில் கொள்கலன்கள் பெருகியபின், பாரந்தூக்கிகள் அவ்வேலையைச் செய்யலாயின. சுமப்போர் குறைந்தனர், மின்பொறியியலாளரும், பின்னர்க் கணினி அறிந்தோரும் வேண்டியவராயினர். ஒரு பொறி பலருடைய வேலையைப் பறித்து, வேறு சிலருக்கு வேலை தருகின்றது. முன்னவரே பின்னவராதல் அரிது.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு ஏழுக்கு மேற்பட்டுச் சுருங்கியது. கட்டடப் பணிகள் பல நின்றன. இளம் பொறியியலாளர் பலர் மீண்டும் வெளிநாடு நாடினர். பொதுப்பணத்தில் பெற்ற கல்வியின் பயன் பிறநாடுகளைச் சேர்ந்தது.

ஆதலின், பல்கலைக்கழக இடங்களைப் பெருக்குதல் மட்டும் போதாது. நெருக்கடிக் காலத்திலும் சில பணிகளையேனும் இடையறாது நடத்துதல் அரசின் கடமை. மாணவரும் ஒரு பொறியின் இயக்கத்தோடு அமையாது, எப்பொறிக்கும் அடிப்படையான கணிதத்தையும் பௌதிகத்தையும் ஆழக் கற்றல் வேண்டும். பொறிகள் மாறும், அவ்வடிப்படை பயன்படும்.