உறங்கும் வைரஸ்களும் புற்றுநோயும்

நம் உயிரணுக்களில் பொதிந்துள்ள டி.என்.ஏ.யில் புரதங்களை ஆக்குவதற்கான விதிகள் அடங்கிய பகுதி நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. எஞ்சிய பெரும்பரப்பைப் பிரயோசனமற்ற குப்பையென்றே விஞ்ஞானிகளிற் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அப்பரப்பிலிருந்து பிறந்து, ஒருபோதும் புரதமாக மாறாத ஆர்.என்.ஏ. இழைகளுக்கும் ஆட்சியதிகாரம் உண்டென்பது, 1993-ல் விக்டர் ஆம்ப்ரோசும் கேரி ருவ்குனும் ஒரு சிறு புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ.யின் தொழிலை விளக்கிய பின்னரே மெல்லத் துலங்கலாயிற்று. 2002-ல் கார்லோ குரோச்சேயின் ஆய்வுக் குழுவினர், நாட்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோயில் இத்தகைய இரண்டு இழைகள் பெரும்பாலும் அழிந்தோ குன்றியோ போயிருப்பதைக் கண்டனர்.

ஆயினும் இவ்விஷயத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்வது வேறொரு பகுதி. மனித இனம் தோன்றுவதற்கு முன்பே நம் மூதாதை உயிரினங்களின் கருவணுக்களுக்குட் புகுந்து, அங்கேயே தங்கி, வம்சம் வம்சமாக வழிவந்த ரெட்ரோ வைரஸ்களின் எச்சங்கள் நம் மரபுத் தொகுதியில் சுமார் 8 சதவீதம் இருக்கின்றன. மெத்தில் என்னும் ரசாயனத் தொகுதி டி.என்.ஏ.யின் மீது முத்திரைபோற் பதிந்து, அவற்றில் பெரும்பாலானவற்றை உறக்கத்தில் வைத்திருக்கிறது.

பிராக் நகரில் 1964-ல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட அசாசிட்டிடின் என்ற மருந்து அந்த முத்திரையைக் கலைக்க வல்லது. எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த இதன் வகை மருந்துகளை டொரோன்டோவிலும் பால்டிமோரிலும் இருந்த இரு குழுவினர் புற்றணுக்களின்மீது குறைந்த அளவிற் செலுத்திப் பார்த்து, 2015-ல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது: உறங்கிய வைரஸ் எச்சங்கள் விழித்து இரட்டை இழை ஆர்.என்.ஏ.க்களைப் பிறப்பித்தன, உயிரணுவுக்குள்ளேயே பிறவிக் காவலாய் அமைந்த எம்.டி.ஏ.5 என்னும் புரதம், வெளியிலிருந்து வைரஸ் நுழைந்துவிட்டதாகவே கொண்டு அபாய அறிவிப்பு விடுத்தது. அதன் பயனாக, வைரஸ் தொற்றின்போது சுரக்கும் இன்டர்ஃபெரான் சுரந்தது. அணுவைக் கொல்லும் நஞ்சென்று மட்டும் கருதப்பட்டிருந்த மருந்து, தேகத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் தூதாகவும் விளங்குவதைக் காட்டிய இவ்வாராய்ச்சி, புற்றுநோயைப் பற்றிய நம் கருத்தையே விசாலமாக்கியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

புற்றணுவுக்கும் தற்காப்பு உண்டு. ஏடார்1 என்னும் நொதி, இரட்டை இழைகளில் அடினோசின் எழுத்துகளை ஐனோசினாக மாற்றி, எம்.டி.ஏ.5-இன் பார்வைக்கு அவை அகப்படாதபடி செய்துவிடுகிறது. 2019-ல் வெளியான எலி ஆய்வொன்றில், இந்நொதி நீக்கப்பட்ட கட்டிகள், நோயெதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்க்கும் பி.டி.1 தடுப்பு மருந்துக்கு இணங்காதிருந்த நிலை மாறி, அதற்குப் பணிந்தன. எனவே அந்நொதியை முடக்கும் மருந்துகளை ஆய்வாளர் தேடிவருகின்றனர். ஆனால் ஏடார்1-ஐப் பிறவியிலேயே குறையுடன் பெற்ற குழந்தைகள் சிலருக்கு இன்டர்ஃபெரான் ஓயாது சுரந்து மூளையைச் சிதைக்கும் ஐகார்டி-கூத்தியேர் என்ற கொடிய நோய் வருவதால், அம்மருந்து நோயாளியின் உடல் முழுவதையும் தாக்காமல் கட்டியளவில் நிற்குமாறு செய்தாக வேண்டியிருக்கிறது.